ஒலிபெருக்கி அக்காவும் பாலத்தின் கடைசித் துண்டும்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு இரண்டு பெயர். நேரே பார்த்தால் அக்கா, முதுகுக்குப் பின்னால் ஒலிபெருக்கி. இரண்டுமே அவளுக்குத் தெரியும். இரண்டின் மேலும் வருத்தம் கிடையாது. "முன்னால ஒரு பேரு, பின்னால ஒரு பேரு. பக்கவாட்டுல வர்றவங்க என்ன பண்ணுவாங்க, பாவம்" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிடுவாள்.

கடைசி மாடியில் சலவைக் கூடத்துக்கு அடுத்த அறை அவளுடையது. சூடு ஆறாமல் வரும் துணிகளில் கிழிந்தது, நைந்தது, நாடா அறுந்தது எல்லாம் அவளிடம் வந்து சேரும். நடுவில் நைந்துபோன படுக்கை விரிப்பை நெடுக்காக இரண்டாகக் கிழித்து, நன்றாக இருக்கும் ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவந்து மூட்டிவிடுவாள். விரிப்புக்கு இன்னொரு ஆயுள். "ஓரத்துல கிடக்கிறதை நடுவுல கொண்டாந்து வச்சா எதுவும் கொஞ்ச காலம் ஓடும்" என்பாள். யாரைச் சொல்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை.

அறையில் ஒரே ஒரு ஜன்னல். மெஷினை அந்த ஜன்னலுக்கு நேராகத்தான் போட்டிருந்தாள். வெளிச்சத்துக்கு என்று மற்றவர்கள் நினைத்தார்கள். உண்மைக் காரணம் ஆறு. ஆற்றின் மேல் இரண்டு கரையிலிருந்தும் வளர்ந்துகொண்டு வந்த பாலம். பாலத்தின் பக்கத்தில் மஞ்சள் நிறக் கிரேன். அந்தக் கிரேனின் உச்சியில், தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்த கண்ணாடிக் கூண்டுக்குள் அவளுடைய தம்பி.

கிரேனின் கை அசைந்தால் அக்காவின் வாயும் அசையும். மனசுக்குள் முணுமுணுப்பது அவளுக்குத் தெரியாத வித்தை. வாய்விட்டுத்தான். "ஆண்டவனே, அவன் தூக்குறான், நீ பிடிச்சுக்க. காத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் போகச் சொல்லு." அங்கி வாங்க வந்த நர்ஸ், சுமை தரையைத் தொடும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். தொட்ட பிறகுதான் அங்கி.

தம்பிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: மேல்மாடி. நாள் முழுக்க மேலேயே இருப்பதால் வந்த பெயர். "மேல்மாடி காலின்னு தெரிஞ்சுதான் வச்சிருக்காங்க" என்பாள் அக்கா. அவனும் விடமாட்டான். தினமும் ஆண்டவனுக்குப் பக்கத்து வீட்டில்தான் வேலை பார்க்கிறேன், இதுவரைக்கும் அந்த வீட்டுக் கதவு திறந்து பார்த்ததில்லை என்பான். கண்ணால் பார்க்காத எதையும் நம்புகிற ஆள் தான் இல்லை என்பான். அப்போது அக்கா கையிலிருக்கும் கத்தரிக்கோலைக் கீழே வைப்பாள்.

"அப்போ சுவருக்குப் பின்னால சுமையை எப்படிடா இறக்குறே? கண்ணால பார்த்தா?"

"அதுக்குக் கீழ நின்னு வழி சொல்ற விசில் அண்ணன் குரல் வாக்கி-டாக்கில வரும்."

"எனக்கும் ஒரு ஆள் இருக்கார்."

"எனக்குப் பதில் வருதுக்கா. உனக்கு வருதா?"

அந்த இடத்தில் அவள் மறுபடியும் கத்தரிக்கோலை எடுத்துக்கொள்வாள். பல வருஷமாக நடக்கும் விளையாட்டு இது. எப்போதும் அதே இடத்தில்தான் முடியும்.

அம்மா போனபோது அவன் சட்டைக்குப் பொத்தான் போடத் தெரியாத பிள்ளை. வளர்த்தவள் அவள்தான். கல்யாணமாகிப் போனபோது அவனையும் கூடவே கூட்டிக்கொண்டு போனாள். கணவர் அதற்கு ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை, தம்பிக்கு மிதிவண்டி பழக்கிவிட்டவரே அவர்தான். அப்படிப்பட்ட மனிதர் ஒரு காய்ச்சலில் படுத்து, எழுந்திருக்கவில்லை. அக்கா கேட்காத வேண்டுதல் இல்லை. தம்பியையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கச் சொன்னாள். அவனும் கேட்டான். அவர் போன அன்று அவன் நிறுத்தியதுதான், அதற்கப்புறம் எந்தக் கூரைக்குக் கீழேயும் வேண்டிக்கொள்ளக் கண் மூடியதில்லை.

அக்காவுக்கு நேர்மாறாக நடந்தது. பக்கத்து வீட்டுக்காரி கையைப் பிடித்து இழுக்காத குறையாக, மரக்கடைக்கு மேலே இருந்த பிரார்த்தனைக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மரத்தூள் வாசனை அடிக்கும் படிக்கட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மின்விசிறி. அங்கே மேடை கிடையாது. யாருக்கு மனசில் என்ன இருக்கிறதோ அவர் எழுந்து நின்று, கண்ணை மூடி, வீட்டில் பேசுகிற மாதிரி ஆண்டவனிடம் பேசலாம். பேசுகிறவருக்குத் தொண்டை அடைத்து நின்றுபோனால், சுற்றி இருப்பவர்கள் மெதுவாக "இருக்கோம்" என்பார்கள். அவ்வளவுதான். கண்ணை மூடியிருப்பவருக்குத் தாம் தனியாக நிற்கவில்லை என்று தெரியவேண்டுமே, அதற்காக. யார் ஆரம்பித்த பழக்கம் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

அன்றைக்கு அவள் எழுந்தாள், வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. "இருக்கோம்" என்றார்கள். மறுபடியும் முயன்றாள். காற்றுதான் வந்தது. "இருக்கோம்." இப்படியே கொஞ்ச நேரம் நின்று, ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்தாள். மறுநாள் காலையில் அந்தக் கூட்டத்திலிருந்து ஒருத்தி வந்து பேசாமல் பாத்திரம் கழுவிவிட்டுப் போனாள். இன்னொருத்தர், ஆஸ்பத்திரித் துணி அறைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று வந்து சொன்னார். அடுத்த வாரம் கூடத்தில் அவள் பேச ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை என்பதுதான் கூடத்துக்காரர்களின் குறை.

இப்போது பாலத்துக்கு வருவோம். ஊரே அந்தப் பாலத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. படகுக்குக் காத்து நின்று காத்து நின்று இரண்டு கரைக்காரர்களுக்கும் பாதி வயசு போய்விட்டது. பிரசவ வலியோடு ஆற்றைச் சுற்றிக்கொண்டு வருகிற பெண்கள் எப்படி வந்து சேருகிறார்கள் என்பது ஆஸ்பத்திரிக்காரர்களுக்குத்தான் தெரியும். பாலத்தின் இரண்டு பாதியும் நெருங்கி நெருங்கி, நடுவில் ஒரே ஒரு இடைவெளி மிச்சம். அந்த இடைவெளியில் இறங்கவேண்டிய கடைசி இரும்புத் துண்டு கரையில் தயாராகப் படுத்துக் கிடந்தது. காற்றில்லாத ஒரு காலை கிடைத்தால் போதும். தூக்கப் போவது மேல்மாடி. அக்காவுக்குத் தலை கால் புரியவில்லை. வார்டு வார்டாகப் போய், "என் தம்பிதான் மூடப்போறான்" என்று சொல்லிவிட்டு வந்தாள். கட்டுப் போட்டுப் படுத்திருந்தவர்கள்கூட எந்த ஜன்னலில் நன்றாகத் தெரியும் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு விடுமுறை மத்தியானம் தம்பி தனியாக வந்தான். மனைவியைக் கூட்டி வரவில்லை. சாப்பாடு வேண்டாம் என்றான். அவள் எடுத்த தட்டை மறுபடியும் கவிழ்த்து வைத்தாள்.

மழைக்காலத்தில் நடந்ததை அவன் அன்றைக்குத்தான் முழுசாகச் சொன்னான். கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சேர்த்துக் கட்டிய குழாய்களை இறக்கிக்கொண்டிருந்திருக்கிறான். கீழே நின்று வழி சொல்கிறவர் விசில். அந்தக் காலத்தில் விசில் ஊதியே சைகை கொடுத்ததால் வந்த பெயர், இப்போது வாக்கி-டாக்கி. "கீழே, கீழே" என்று குரல் வந்துகொண்டிருந்தது. திடீரென்று நின்றுவிட்டது. ஈரத்தில் கருவி செத்துப்போயிருக்கிறது. குரல் நின்றால் கை நிற்கவேண்டும் என்பது விதி, அவன் நிறுத்திவிட்டான். ஆனாலும் அந்த ஒரு மூச்சு நேரத்தில் கட்டு ஆடி, ஒருவருடைய தலைக்கவசத்தை உடைத்துவிட்டது. தலை தப்பியது. யார் மேலும் தப்பில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அவனும் விசிலும் மட்டும் அதைப் பற்றி ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவே இல்லை.

"அன்னையிலேர்ந்து பேச்சுக்கு நடுவுல சின்ன இடைவெளி விழுந்தாகூட என் கை நடுங்குதுக்கா. லீவரைப் பிடிச்சிருக்கிற கை தானா நின்னுடுது. நின்னா சுமை ஆடுது. விசில் அண்ணன் வேற ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல ஒரு தூக்கம் போட்டு எழுந்திரிக்கிற ஆளு. கடைசித் துண்டு பாலத்து வளைவுக்குப் பின்னால இறங்கும், கூண்டுலேர்ந்து ஒண்ணும் தெரியாது. எல்லாம் அவர் வாயிலதான் இருக்கு. அவர் மேல எனக்கு நம்பிக்கையே போயிடுச்சு."

ஃபோர்மேனிடம் சொல்லிவிடேன் என்றாள் அக்கா. சொன்னால் கூண்டிலிருந்து இறக்கிவிடுவார்கள், அப்புறம் ஜென்மத்துக்கும் ஏற்றமாட்டார்கள் என்றான். சொல்லாமல் ஏறினால் என்ன ஆகும் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. எழுந்தபோது வாசலில் நின்று, "யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றான்.

"ஒரு மனுஷன்கிட்டகூட சொல்ல மாட்டேன்டா. சத்தியம்."

மனசாரத்தான் சொன்னாள்.

அந்த வாரம் கூடத்தில் நல்ல கூட்டம். அக்கா எழுந்தாள், கண்ணை மூடினாள். கண்ணை மூடிவிட்டால் அவளுக்கு நாற்காலியும் தெரியாது, நாற்காலியில் இருப்பவர்களும் தெரியாது, அவளும் ஆண்டவனும்தான். முதலில் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்காகக் கேட்டாள். மழைக்கு நன்றி சொன்னாள். அப்புறம் பேச்சு வண்டி தானாகவே தம்பியின் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது.

அவன் கை நடுங்குகிறது என்றாள். கூண்டில் தனியாக உட்கார்ந்து பயப்படுகிறான் என்றாள். "அந்த விசில் நல்ல மனுஷன்தான், ஆண்டவனே, உனக்குத் தெரியும். ஆனா வாயைத் திறக்க மாட்டேங்கிறாரே. அவர் வாயை நம்பி என் பிள்ளை எப்படி அந்த இரும்பை இறக்குவான்? அவர் மேல நம்பிக்கையே போயிடுச்சுங்கிறான்." சொல்லச் சொல்ல நெஞ்சு லேசானது. அழுகை வந்து தொண்டையை அடைத்தது. நிறுத்தினாள். "இருக்கோம்" என்பதற்காகக் காத்து நின்றாள்.

வரவில்லை.

இன்னும் கொஞ்சம் நின்றாள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கண்ணைத் திறந்தாள். முன்வரிசையில் ஃபோர்மேனின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மற்ற தலைகள் எல்லாம் பின்னால் திரும்பியிருந்தன. கடைசி வரிசையில், வழக்கமான மூலையில், விசில். பல வருஷமாக வருகிறவர், ஒரு நாளும் எழுந்து பேசாதவர். அவர் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாக எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு, படியிறங்கிப் போனார்.

மறுநாள் காலையில் வேலைக்குப் போன தம்பியிடம் வாசல் காவலாளி கை எப்படி இருக்கிறது என்று கேட்டார். டீ கொடுப்பவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார். ஃபோர்மேன் எல்லோர் முன்னாலும், கையை நீட்டு என்றார். நீட்டினான். நடுங்கவில்லை. "இப்படி நீட்டினா நடுங்காது சார்" என்று அவனே சொல்லிவிட்டான். பொய் சொல்லி ஏறுகிற ஆள் இல்லை அவன், யாரும் கேட்காததால் சொல்லாமல் இருந்தவன். வேறு ஊரிலிருந்து ஒரு ஆளை வரவழைக்கலாமா என்று பேச்சு எழுந்தது.

மத்தியானம் அவன் துணி அறைக்கு வந்தான். அத்தனை மாடி ஏறியும் மூச்சு வாங்கவில்லை, கோபம்தான் வாங்கியது.

"அக்கா, நான் யார்கிட்ட சொன்னேன்?"

"என்கிட்ட."

"நீ யார்கிட்ட சொன்னே?"

அவள் கட்டைவிரலை மேலே காட்டினாள்.

"மேல சொன்னியா? மேல போற வழியில நாற்காலி போட்டு இத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்களே, அவங்களை என்ன பண்றது?"

"கண்ணை மூடினா எனக்கு யாரும் தெரியறதில்லடா."

"கண்ணை மூடுறது நீ. அதுக்கு அவங்க காதும் மூடிக்குமா?" அவன் குரல் இறங்கியது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "மாமாவுக்கும் இப்படித்தான் கேட்டே. நானும் பக்கத்துல உட்கார்ந்து கேட்டேன். ஒரு நாளாவது ஒரு வார்த்தை பதில் வந்துச்சா உனக்கு? பதிலே வராத இடத்துக்கு என் பொழப்பை எடுத்துட்டுப் போய் ஒப்பிச்சுட்டு வந்திருக்கே."

இந்த முறை எடுத்துக்கொள்ள அவளிடம் கத்தரிக்கோல்கூட இல்லை. இனிமேல் வீட்டுப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த வாரம் ஆஸ்பத்திரியே என்னவோ போல ஆகிவிட்டது. துணி அறையிலிருந்து மெஷின் சத்தம் மட்டும்தான் வந்தது. நர்ஸுகள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒலிபெருக்கிக்கு மின்சாரம் போய்விட்டது என்று ஒருத்தி சொல்லப்போக, மற்றவள் அவளை முறைத்தாள். அக்கா கிரேனைப் பார்ப்பாள், வாயைத் திறப்பாள், மூடிக்கொள்வாள். மனசுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். சொன்னது அங்கேயே கிடந்தது, மேலே போன மாதிரி இல்லை. வாய்விட்டால் பக்கத்தில் யார் காதில் விழுமோ என்று பயம். இத்தனை நாளும் அவளைத் தூக்கி நிறுத்திய ஒன்று, இப்போது தம்பியைத் தள்ளிவிட்டதே என்று யோசிக்க யோசிக்க, நேராகத் தைத்த தையல் எல்லாம் கோணிக்கொண்டு போனது.

கூடத்துக்குப் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. எழுந்து பேசவில்லை. கடைசி வரிசையில் அந்த மூலை நாற்காலி காலியாக இருந்தது. ஒரு மனிதரையும் விரட்டிவிட்டோம் என்று நினைத்தாள். படியிறங்கும்போது ஃபோர்மேனின் மனைவி பின்னாலேயே வந்து தோளைத் தொட்டாள். "நான்தான் வீட்டுல சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனா அக்கா, நீங்க வாய்விட்டுச் சொல்லாம இருந்து, உங்க தம்பி கை அப்படியே அந்த இரும்பைத் தூக்கியிருந்தா, கீழ நின்னவங்க யாரோ ஒருத்தர் வீட்டுல இன்னைக்கு என்ன நடந்திருக்கும்?"

அது அவளுக்குச் சமாதானமாகவும் இருந்தது, இல்லாமலும் இருந்தது. சத்தியம் சத்தியம்தானே. ஆனால் யாரோ ஒருத்தர் வீடு என்றதும், பேசாமல் பாத்திரம் கழுவிவிட்டுப் போனவளின் ஞாபகம் வந்தது. எந்தப் பக்கம் நியாயம் என்று தெரியாமலேயே வீடு போய்ச் சேர்ந்தாள்.

அதற்கப்புறம் ஒரு நாள், காலணி உறைகளுக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தபோது, கிரேனின் கை அசைந்தது. பாலத்துப் பக்கம் போகவில்லை. தண்ணீர்த் தொட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, கிடங்குக்குப் பின்னால், கூண்டிலிருந்து பார்க்க முடியாத பக்கமாகப் போனது. இறங்க ஆரம்பித்தது. அக்கா ஊசியைப் பிடித்தபடி நின்றாள். நிற்கப் போகிறது, இப்போது நிற்கப் போகிறது என்று பார்த்தாள். நிற்கவில்லை. ஊசிக்காதில் நூல் இழுபடுவது மாதிரி, ஒரே ஓட்டமாக இரும்புக் கயிறு இறங்கிக்கொண்டே போனது. மறுபடியும் தூக்கினார்கள். மறுபடியும் இறக்கினார்கள். வேறு ஊர் ஆள் வந்துவிட்டார் போலிருக்கிறது என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் நாடாவில் விழுந்தது.

"அக்கா, அது யாரு உள்ள?" என்று நர்ஸ் கேட்டாள். தெரியவில்லை என்றாள்.

அன்று சாயங்காலம் தம்பியின் மனைவி ஆஸ்பத்திரி வாசலில் காத்து நின்றாள். வீட்டுக்காரர் அனுப்பவில்லை, நானாகத்தான் வந்தேன் அண்ணி என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். தொட்டியைத் தூக்கியது அவர்தான். வேறு ஆளை வரவழைக்க வேண்டாம், ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள் என்று ஃபோர்மேனிடம் போய் நின்றது விசில். அந்த மனிதர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லையாம். இப்போது தினமும் வேலை முடிந்ததும் இரண்டு பேரும் தனியாக நின்று பழகுகிறார்கள், என்ன பழகுகிறார்கள் என்று கேட்டால் சிரிக்கிறார், சொல்லமாட்டேன் என்கிறார் என்றாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த வண்டிக்காரர் மணி அடித்து அடித்து ஓய்ந்துபோனார்.

காற்றில்லாத காலை ஒரு வழியாக வந்தது. ஆறு கண்ணாடி மாதிரி கிடந்தது. இரண்டு கரையிலும் ஜனம். படகுக்காரர்கள்கூடப் படகைக் கட்டிப்போட்டுவிட்டு, தங்கள் பிழைப்பைக் கெடுக்கப் போகிற பாலத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். ஆஸ்பத்திரி ஜன்னல் ஒவ்வொன்றிலும் நாலு தலை. சுவர் மேல் ஏறியவர்களை இறக்கிவிட வந்த காவலாளி தானும் ஏறிவிட்டார். ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம், அந்தத் துண்டு விரற்கடை தள்ளிப் போனாலும் உட்காராதாமே என்றார். அக்கா கூட்டத்தின் பின்னால் நின்று எம்பி எம்பிப் பார்த்தாள். ஃபோர்மேனின் மனைவி அவளைக் கூட்டத்துக்குள்ளே இழுத்துக்கொண்டு போய், கயிறு கட்டிய எல்லைக்குப் பக்கத்தில், கணவர் நின்ற இடத்துக்கு அருகிலேயே நிறுத்திவிட்டாள். ஃபோர்மேனின் கையில் வாக்கி-டாக்கி கொரகொரவென்று இரைந்துகொண்டிருந்தது.

இரும்புத் துண்டு தரையை விட்டு எழுந்தது. கூட்டம் ஒரு முறை மூச்சை இழுத்தது. அது மேலே போய், திரும்பி, பாலத்து வளைவைத் தாண்டி, அந்தப் பக்கமாக மறைந்தது. இனிமேல் தம்பிக்கு ஒன்றும் தெரியாது.

வாக்கி-டாக்கியில் விசிலின் குரல் வந்தது.

"கீழே. இருக்கேன். கீழே. இருக்கேன், இருக்கேன். மெல்ல. இருக்கேன். கீழே."

அக்கா ஃபோர்மேனைப் பார்த்தாள். பிறகு அவர் மனைவியைப் பார்த்தாள். அவளும் கண்ணை அகல விரித்து இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபோர்மேன் கூடத்துப் பக்கமே போகாதவர். "பேச்சு நின்னாதானே அவன் கை நிக்குது, அதனால விசில் நிறுத்தறதே இல்லை" என்று மெதுவாகச் சொன்னார். "என்னய்யா இது புதுசான்னு கேட்டேன். எங்க கூடத்துல பழக்கம் சார், நடுவுல பேச்சு நின்னா ஆள் போயிட்டாங்கன்னு நினைச்சுடக் கூடாதுல்லன்னார். நல்லா இருக்கு, வச்சுக்கங்கன்னுட்டேன்."

"கீழே. இருக்கேன். கீழே…"

அப்போது ஆற்றின் மேல் ஒரு சுருக்கம் ஓடியது. எங்கிருந்தோ ஒரு காற்று. கூட்டத்தில் தொப்பி ஒன்று பறந்தது. "நிறுத்து" என்றார் விசில். கயிறு நின்றது. வளைவுக்குப் பின்னால் அத்தனை கனம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது, ஆடுகிறதா இல்லையா என்று இந்தப் பக்கம் ஒருவருக்கும் தெரியவில்லை. குழந்தைகள்கூட அழவில்லை. அந்த அமைதியில், வாயைத் திறக்கவே காசு கேட்பார் என்று கேலி செய்யப்பட்ட மனிதரின் குரல் மட்டும், அவசரமில்லாமல், விடாமல் வந்துகொண்டிருந்தது.

"காத்து போகட்டும். இருக்கேன். அவசரமில்லை, தம்பி. இருக்கேன். அசையலை. இருக்கேன். இருக்கேன்."

அக்காவின் உதடு தானாக அசைந்தது. பக்கத்தில் ஃபோர்மேனின் மனைவியும் முணுமுணுத்தாள். கூட்டத்தில் அங்கங்கே சிதறி நின்ற கூடத்துக்காரர்கள் சிலருக்கும் பழக்கதோஷம். "இருக்கோம்." யாரும் உரக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற சம்பந்தமில்லாதவர்கள் என்ன ஏது என்று தெரியாமல் தாங்களும் ஒரு தடவை சொல்லிவைத்தார்கள்.

"கேட்குது அண்ணே" என்று மேலிருந்து தம்பியின் குரல் வந்தது. நடுக்கமில்லாத குரல்.

காற்று போயிற்று. "கீழே. இருக்கேன். கீழே. இன்னும். இருக்கேன். தொடப்போகுது. இருக்கேன். தொட்டுச்சு." எங்கோ இரும்பும் இரும்பும் உட்காரும் ஒரு சத்தம், கதவு சாத்துவது மாதிரி. அதோடு கரை இரண்டும் ஆரவாரத்தில் வெடித்தன. படகுக்காரர்கள் துடுப்பால் படகை அடித்தார்கள். ஆஸ்பத்திரி ஜன்னல்களிலிருந்து விரிப்புகள் அசைந்தன, எல்லாம் அவள் மூட்டிய விரிப்புகள். ஃபோர்மேன் யாரென்றே பார்க்காமல் பக்கத்தில் நின்றவரைக் கட்டிக்கொண்டார். முகம் தெரியாத ஒருத்தி அக்காவின் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு ஓடினாள்.

அக்கா மட்டும் அசையவில்லை. உனக்குப் பதில் வருதா என்று அவன் கேட்டது காதிலேயே நின்றது. அவள் கணவருக்காகக் கேட்டதற்கு அன்றைக்கும் பதில் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. அது அவளுக்குத் தெரியும். ஆனால் பேச்சு நின்ற இடத்தில் யாரோ இருந்தார்கள்.

வாக்கி-டாக்கி மறுபடியும் இரைந்தது.

"ஃபோர்மேன் சார், எங்க அக்கா அங்க இருக்காளா?"

அவர் கருவியை அவளிடம் நீட்டி, எந்தப் பொத்தானை அழுத்தவேண்டும் என்று காட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அழுத்தினாள். வாயைத் திறந்தாள். ஊரில் அத்தனை பேருக்கும் காது வலிக்க வைத்தவளுக்கு, கூடத்துக்கு முதலில் போன அன்றைக்கு மாதிரியே, காற்றுதான் வந்தது.

"அக்கா?" என்றது குரல். கொஞ்சம் பொறுத்து, "அக்கா, இருக்கியா?"

அவள் தலையை நிமிர்த்தி, வெயிலில் மின்னிய அந்தத் தீப்பெட்டிக் கூண்டைப் பார்த்தாள்.

"இருக்கேன்டா."

"சரி, சரி. ஊரே கேட்டுட்டு இருக்கு. பார்த்துப் பேசு."